களப்பணிப் பதிவேட்டில் உடலுக்கும் இடம் கொடுப்பது எப்படி?

முதுகலைச் சமூகப்பணி வகுப்பில் உயிரியலைச் சேர்க்க விரும்பும் ஆசிரியர், அதைத் தனித்தாளாக்கி உயிரணுவின் அமைப்பிலிருந்து தொடங்கினால், மாணவர்கள் அதைத் தேர்வுக்கு மட்டும் படித்து மறந்துவிடுவார்கள். அவர்களே எழுதிக்கொண்டுவரும் களப்பணிப் பதிவேட்டிலிருந்து தொடங்குவதுதான் பலன் தரும். உடல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறையை அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977-இல் முன்வைத்தார். அந்தச் சொற்றொடரை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் பதிவேட்டில் உடலைப் பற்றி 'ஆரோக்கியமாக உள்ளார்' என்ற ஒற்றை வரியே இருக்கும்.

முதலில் குடிப்பழக்கம் தொடர்பான பதிவொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளாக நாள் தவறாமல் குடித்தவர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றோடு நிறுத்திவிட்டதாக மாணவர் பெருமையுடன் எழுதியிருப்பார். அந்த வரியை அடிக்கோடிட்டு, அடுத்த நான்கு நாள்களில் அவர் உடலில் என்ன நடக்கக்கூடும் என்று வகுப்பைக் கேளுங்கள். மது மூளையின் இயக்கத்தை அடக்கிவைக்கிறது. நாள்பட்ட குடியில் மூளை அதை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றதும், அடக்க ஆளில்லாத அந்தக் கிளர்ச்சி கைநடுக்கமாகவும், பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பாகவும், சிலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத உருவங்களைக் காணும் பிதற்றலாகவும் வெளிப்படுகிறது. இது உயிருக்கே ஆபத்தாகலாம். இதை வீட்டார் பேய் என்று நினைக்கலாம். மாணவரும் அப்படியே எழுதிவிடக் கூடாது.

அடுத்து, காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரின் பதிவு. சில வாரங்களில் இருமல் குறைந்து பசி திரும்பிவிடும். ஆனால் மிக மெதுவாகப் பெருகும் அந்தக் கிருமியில் எஞ்சியதை அழிக்கத்தான் வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவதைக் கண்டு பயந்து நிறுத்துவோரும் உண்டு. 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவதற்கு முன் மாணவர் இதையும் கேட்டறிய வேண்டும்.

நோயைக் கண்டறிவது மருத்துவர் வேலை என்பதில் குழப்பம் வேண்டாம். எப்போது, எந்த விவரத்தோடு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதே மாணவர் கற்க வேண்டியது. இப்பாடத்துக்கு விலங்கியல் விரிவுரையாளரைவிடப் போதை மீட்பு வார்டில் பணியாற்றிய செவிலியர் பொருத்தமானவர் என்பது என் கருத்து. வகுப்பின் முடிவில் அந்தக் குடிப்பழக்கப் பதிவைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்: 'கடைசியாகக் குடித்தது நேற்று இரவு 9 மணி. கைகளை நீட்டச் சொன்னபோது விரல்கள் நடுங்கின. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்ததாக மனைவி கூறினார். இன்றே அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் சென்றேன்.'