மேசைக் கணினியின் விசிறி இரைச்சலைக் குறைந்த செலவில் அடக்குவது எப்படி?

கணினி இரைச்சலிடத் தொடங்கியதும் புதிய கூலர் (ப்ராசஸரைக் குளிர்விக்கும் விசிறித் தொகுதி) ஒன்றை வாங்கிவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன்பே செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. உள்ளே வெப்பம் ஏறும்போது மதர்போர்டு விசிறியை வேகமாகச் சுற்றவைக்கிறது, அந்த வேகமே இரைச்சலாகிறது. ஆகவே காற்றுக்கு இருக்கும் தடையை முதலில் நீக்கி, அடுத்து வேகத்தை இறக்கி, பணத்தைக் கடைசியில் செலவிடுவதே சரியான வரிசை.

வேகத்தைச் சிறிது இறக்கினாலே சத்தம் பெரிதும் குறையும் என்பதுதான் இதில் நமக்குச் சாதகமான செய்தி. நிமிடத்துக்கு 1200 முறை சுற்றும் விசிறியை 900-க்கு இறக்கினால் அது தள்ளும் காற்று கால் பங்குதான் குறைகிறது. ஆனால் சத்தம் தோராயமாக 6 டெசிபல் குறைகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 1: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள்

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கி, காதைச் சற்று அருகில் கொண்டுசென்று கேளுங்கள். சீரான காற்றிரைச்சல் என்றால் அது வேகத்தால் வருவது; கீழே சொல்லப்போகும் எல்லாமே அதற்குப் பயன்படும். கரகரவென்றோ டிக் டிக் என்றோ கேட்டால் விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஏதேனும் ஒரு ஒயர் இறக்கையில் உரசிக்கொண்டிருக்கலாம். கணினியை அணைத்து ஒயர்களை ஒதுக்கிக் கட்டிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் அந்த விசிறியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. விளையாட்டுகளின்போது மட்டும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து மெல்லிய கீச்சொலி வந்தால், அது பெரும்பாலும் கார்டில் உள்ள மின்சுருள்களின் அதிர்வு. விசிறியை என்ன செய்தாலும் அது போகாது. மேசையோடு சேர்ந்து அதிரும் தாழ்ந்த ரீங்காரம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கினுடையது.

பிறகு ப்ராசஸரின் வெப்பநிலையையும் விசிறிகளின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளும், லினக்ஸில் எல்எம்-சென்சர்ஸும் இவற்றைக் காட்டும். சும்மா இருக்கும்போது ஒரு முறையும், கடுமையான வேலை கொடுத்து இருபது நிமிடம் கழித்து ஒரு முறையும் பார்த்து, அறையின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதிவையுங்கள். அறை 5 டிகிரி சூடானால் உள்ளே இருப்பவையும் ஏறத்தாழ அதே அளவு சூடாகும். இதைக் குறிக்காமல் விட்டால் பின்னால் ஒப்பிடும்போது தவறான முடிவுக்கு வர நேரிடும்.

படி 2: தூசியை அகற்றுங்கள்

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை நீக்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது சுத்தமாகத் தெரியும் கூலரை நம்பிவிடாதீர்கள். விசிறியைக் கழற்றிப் பார்த்தால், வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கின் தகடுகளுக்குமேல் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் படலம் படிந்து, காற்று நுழைய வேண்டிய இடுக்குகளை முழுக்க அடைத்திருப்பதைப் பல கணினிகளில் காணலாம். அந்தப் படலத்தை விரலால் உரித்தெடுத்துவிட்டு, மீதியை மென்மையான பிரஷ்ஷாலும் காற்றூதியாலும் நீக்குங்கள்.

காற்றை ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது கட்டுப்பாடின்றிச் சுற்றினால் பேரிங் கெடலாம். மோட்டார் மின்னாக்கிபோல் இயங்கி மதர்போர்டுக்குள் மின்சாரத்தை அனுப்பவும் கூடும். முன்பக்கத் தூசி வடிகட்டியைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகள் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கிவைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

படி 3: தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பியுங்கள்

ப்ராசஸரிலிருந்து கூலருக்கு வெப்பத்தைக் கடத்த இரண்டுக்கும் நடுவே தடவப்படும் பசையே தெர்மல் பேஸ்ட். கணினி சில ஆண்டுகள் பழையது என்றால், அல்லது தூசியை நீக்கிய பிறகும் வெப்பநிலை இறங்கவில்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்தால் காய்ந்த பேஸ்ட் இளகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுக்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவியுங்கள்; நேராக இழுத்தால் சில வகைச் சாக்கெட்டுகளில் (மதர்போர்டில் ப்ராசஸர் அமரும் இடம்) ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து அதன் ஊசிகள் வளைந்துவிடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்துவிட்டு, ப்ராசஸரின் நடுவில் சிறு பட்டாணி அளவு புதிய பேஸ்ட்டை வைத்துக் கூலரைப் பொருத்துங்கள். திருகுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கினால் அழுத்தம் சமமாக விழும்.

படி 4: பயாஸில் விசிறியின் வேகத்தை அமையுங்கள்

இந்த வேலையில் மிக அதிகப் பலன் தருவது இந்தப் படிதான் என்பது என் உறுதியான கருத்து. கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி, மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, விசிறிக் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறவுங்கள். ஒவ்வொரு விசிறிக்கும் எந்த முறை என்பதை முதலில் பாருங்கள்: நான்கு ஊசி இணைப்புள்ள விசிறிக்குப் பிடபிள்யூஎம் முறையும் (துடிப்புச் சைகையால் வேகத்தை மாற்றுவது), மூன்று ஊசி விசிறிக்கு டிசி முறையும் (மின்னழுத்தத்தால் மாற்றுவது) வைக்க வேண்டும். மூன்று ஊசி விசிறியைப் பிடபிள்யூஎம் முறையில் விட்டுவிட்டால் அது எப்போதும் முழு வேகத்திலேயே சுற்றும். ஓயாத இரைச்சலுக்குப் பல நேரங்களில் இந்த ஒரு அமைப்பே காரணமாக இருக்கிறது.

அடுத்து, எந்த வெப்பநிலையில் விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று காட்டும் வேகக் கோட்டை வரையுங்கள். தொடக்கமாக 40 டிகிரி வரை 30 சதவீதம், 60 டிகிரியில் 45 சதவீதம், 75 டிகிரியில் 70 சதவீதம், 85 டிகிரியில் 100 சதவீதம் என்று வைக்கலாம். இக்கால ப்ராசஸர்கள் 95 டிகிரியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோதான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன; ஆகவே வேலை செய்யும்போது 70 டிகிரியைத் தொட்டால் பதற வேண்டியதில்லை. ப்ராசஸர் விசிறியை மட்டும் முற்றிலும் நிற்கும்படி அமைக்காதீர்கள்.

ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே ப்ராசஸரின் வெப்பநிலை நொடிப்பொழுதில் பத்துப் பதினைந்து டிகிரி தாவி, மறுபடியும் இறங்கிவிடும். விசிறி ஒவ்வொரு தாவலுக்கும் வேகமெடுத்து அடங்கினால், அந்த ஏற்ற இறக்கம் சீரான இரைச்சலைவிட அதிக எரிச்சலூட்டும். ஆகவே வேகம் கூடுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் அமைப்பு உங்கள் பயாஸில் இருந்தால், அதைச் சில நொடிகளாக உயர்த்துங்கள். பயாஸில் இவ்வசதிகள் இல்லாவிட்டால் விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்னும் இலவச மென்பொருளையும், கிராபிக்ஸ் கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் பயன்படுத்தலாம்.

படி 5: வெப்பம் உண்டாவதையே குறையுங்கள்

ப்ராசஸர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டித் தானே எட்டும் டர்போ வேகத்துக்குப் போகும்போது மின்னழுத்தமும் கூடுகிறது. மின்செலவு அந்த அழுத்தத்தின் இருமடிப்படி உயர்வதால், கடைசிச் சிறு வேகத்துக்காக மிகுந்த வெப்பத்தை நாம் ஏற்க நேர்கிறது. விண்டோஸின் பவர் அமைப்புகளில் ப்ராசஸரின் உச்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான கணினிகளில் டர்போ நின்றுவிடும். எழுத்து வேலைக்கும் காணொளி பார்ப்பதற்கும் இந்த வேறுபாடு அநேகமாகத் தெரியாது. கடும் வேலை செய்பவர்கள் பயாஸில் மின்வரம்பை (ப்ராசஸர் இழுக்கக்கூடிய உச்ச மின்சார அளவு) சற்றே இறக்குவது நல்லது. கிராபிக்ஸ் கார்டின் மின்வரம்பையும் ஆஃப்டர்பர்னரில் 80 சதவீதமாக்கிப் பாருங்கள். அதன் வேகம் அதே விகிதத்தில் குறைவதில்லை.

படி 6: தேவையென்றால் மட்டும் வாங்குங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் மிகுதியாக இருந்தால், முதலில் வாங்க வேண்டியது கேபினட்டுக்கு 120 அல்லது இடமிருந்தால் 140 மில்லிமீட்டர் அளவுள்ள பிடபிள்யூஎம் விசிறி. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் சேர்ந்தால் 3 டெசிபல் மட்டுமே கூடும். ஆகவே 1200-இல் சுற்றும் ஒரு விசிறியைவிட 900-இல் சுற்றும் இரண்டு விசிறிகள் அதிகக் காற்றைத் தந்தும் குறைவாகவே ஒலிக்கும். முன்பக்கம் உள்ளிழுக்கவும் பின்பக்கம் வெளித்தள்ளவும் பொருத்துங்கள். பெரும்பாலான விசிறிகளில் சட்டத்தின் குறுக்குக் கைகள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும்.

ப்ராசஸருடன் வந்த சிறிய கூலர்தான் இன்னும் இரைகிறது என்றால், வெப்பக் குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட எளிய டவர் கூலர் ஒன்றே போதும். வாங்குவதற்கு முன் அதன் உயரம் உங்கள் கேபினட்டின் அகலத்துக்குள் அடங்குமா, உங்கள் சாக்கெட்டுக்கான பிடிகள் அதனுடன் வருகின்றனவா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கின் ரீங்காரத்துக்கு ரப்பர் வளையங்களோடு அதைத் திருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதற்படியில் குறித்த அதே வேலையைக் கொடுத்து, அதே இருபது நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். கடும் வேலையிலும் ப்ராசஸர் 80 டிகிரிக்குக் கீழே நின்றால், வேகக் கோட்டை இன்னும் 5 சதவீதம் இறக்கி மீண்டும் சோதிக்கலாம்.