கன்ட்ரோல்டு மருந்துக்கு இ-பெர்மிட் போடும்போது நடக்குற தப்புங்க

மார்ஃபின் இன்ஜெக்‌ஷன் ஒரு பெட்டி நாடு விட்டு நாடு போகணும்னா, அது போதைக்கும் பயன்படக்கூடிய கன்ட்ரோல்டு மருந்துங்கிறதால, ரெண்டு அரசாங்கம் ஒத்துக்கணும். வாங்குற நாடு முதல்ல இறக்குமதி பெர்மிட் குடுக்கணும், அத வச்சுதான் அனுப்புற நாடு ஏற்றுமதி பெர்மிட் குடுக்கும். 1925 ஜெனீவா ஒப்பந்தத்துல வந்த ஏற்பாடு இது, 1961 ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தோட 31வது பிரிவுலயும் இதேதான் இருக்கு. ரொம்ப காலம் எல்லாமே பேப்பர், கூரியர், ஃபேக்ஸ்னு ஓடுச்சு, நடுவுல போலி பெர்மிட்டும் வரும், அது அசலான்னு கேட்டு லெட்டர் எழுதி பதில் வர்றதுக்குள்ள வாரக்கணக்குல போயிடும். அதுக்காகத்தான் வியன்னாவுல இருக்குற சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம், அதான் ஐஎன்சிபி, 2015ல ஐடூஇஎஸ்னு (I2ES), நாடுங்க பெர்மிட்ட ஆன்லைன்லயே அனுப்பி சரிபாத்துக்குற ஒரு சிஸ்டம் கொண்டு வந்துச்சு.

சிஸ்டம் நல்ல சிஸ்டம்ங்க, ஆனா ஃபைல் இன்னும் மாட்டிக்கிட்டுதான் இருக்கு, ஏன்னா தப்பு பெரும்பாலும் நம்ம பக்கத்துல நடக்குது. நான் எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் வேலைல இருக்குறவன், கண்ணால பாத்தத மட்டும் சொல்றேன்.

புதுசா வர்ற பசங்க முதல்ல கேக்குறது "சார் ஐடூஇஎஸ்ல லாகின் எப்படி எடுக்கணும்". நமக்கு லாகின் கிடையாது. அது அரசாங்கமும் அரசாங்கமும் பேசிக்கிற இடம், ஒவ்வொரு நாட்டுலயும் இதுக்குன்னு இருக்குற அதிகாரிகளுக்கு மட்டும்தான். இந்தியாவுல நார்காட்டிக்ஸ் (மார்ஃபின் மாதிரி), சைக்கோட்ரோபிக் (மனநிலைய மாத்துற) மருந்துக்கு குவாலியர்ல இருக்குற மத்திய போதைப்பொருள் பணியகத்துக்கிட்டதான் கம்பெனி அப்ளை பண்ணணும், மேல நடக்குறத அவங்க பாத்துக்குவாங்க. இது தெரியாம இன்டர்நெட்ல தேடி, "நாங்க பெர்மிட் எடுத்துத் தரோம்"னு சொல்றவங்ககிட்ட காசக் குடுத்துடாதீங்க. எல்லா நாடும் இந்த சிஸ்டத்துல இல்லைங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். எதிர்ப்பக்க நாடு இல்லன்னா பேப்பர் பெர்மிட்தான், அதுக்கான நாளையும் சேத்துக் கணக்குப் போட்டுட்டு ஃப்ளைட் புக் பண்ணுங்க.

இப்போ அதிகமா அடி வாங்குற இடத்துக்கு வரேன், சால்ட் பேஸ் கணக்கு. பேஸ்னா மருந்து மட்டும், சால்ட்னா அதோட ஒரு அமிலம் சேந்த வடிவம். ஐஎன்சிபி கணக்கு முழுக்க தண்ணி சேராத சுத்த பேஸ்ல. நம்ம இன்வாய்ஸ்ல இருக்குறது சால்ட். 10 மில்லிகிராம் மார்ஃபின் சல்ஃபேட் ஆம்பூல் 50,000 அனுப்புறோம்னு வைங்க, சால்ட் 500 கிராம். மார்ஃபின் சல்ஃபேட்டுக்கு சுமாரா 0.75 ஆல பெருக்கணும், பேஸ் 375 கிராம் வரும். அங்க இறக்குமதி பெர்மிட்ல 375 பேஸ்னு இருக்கு, இங்க நம்ம ஆளு அப்ளிகேஷன்ல 500னு மட்டும் போட்டு சால்ட்டா பேஸான்னு எழுதாம விட்டா, பாக்குற அதிகாரிக்கு 125 கிராம் மார்ஃபின் எங்கிருந்தோ கூடுதலா வந்த மாதிரி இருக்கும், அவரு நிறுத்தத்தான் செய்வாரு, நிறுத்தணும்தான். ஒரு தடவ நாங்களே இப்படி மாட்டினோம், ரெண்டு பக்கமும் திருத்தி வாங்க ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அங்க கேன்சர் வார்டுல வலியோட படுத்திருக்குறவங்களுக்குப் போக வேண்டிய மருந்து அது, இன்னைக்கும் நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. எத்தன ஆம்பூல், ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு, மொத்த சால்ட் எவ்வளவு, மொத்த பேஸ் எவ்வளவு, நாலையும் தனித்தனியா எழுதுங்க. ஃபென்டனில் சிட்ரேட்டுக்கு இந்த விகிதம் வேற, 0.64 பக்கம் வரும், ஒண்ணுக்குப் போட்டத இன்னொண்ணுக்கு காப்பி பண்ணாதீங்க.

அடுத்தது எஸ்டிமேட். ஒவ்வொரு நாடும் வருஷத்துக்கு இவ்வளவு மார்ஃபின், இவ்வளவு ஃபென்டனில் வேணும்னு ஐஎன்சிபிக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கும். அந்த அளவு தாண்டினா அனுப்புற நாடு பெர்மிட் குடுக்காது, ஐடூஇஎஸ் அத தானாவே சரிபாக்குது. கஸ்டமர் ஆர்டர் குடுத்துட்டாரு, அட்வான்ஸும் வந்தாச்சு, உடனே புரொடக்‌ஷன ஆரம்பிச்சுட்டு அப்புறமா அந்த நாட்டு எஸ்டிமேட்ட பாக்குறது தலைகீழ் வேலை. மிச்சம் இல்லன்னா அவங்க அரசாங்கம் காரணத்தோட கூடுதல் எஸ்டிமேட் அனுப்பலாம், அதுக்கு வழி இருக்கு, முன்னாடியே கேக்கணும், அவ்வளவுதான்.

மருந்து எந்த லிஸ்ட்லன்னு பாக்காம விடுறதும் நடக்குது. ப்யூப்ரினார்ஃபின் அபின் வகை வலி மருந்து, அதாவது ஓபியாய்டுதானே, மார்ஃபின் மாதிரி 1961 ஒப்பந்தம்னு நினைப்பாங்க, அது 1971 சைக்கோட்ரோபிக் ஒப்பந்தத்துல மூணாவது அட்டவணை. டிரமடால், கெட்டமைன் ரெண்டுமே சர்வதேச அட்டவணைல இல்ல, ஆனா இந்தியாவுல கெட்டமைன் 2011லயும் டிரமடால் 2018லயும் என்டிபிஎஸ்ங்கிற போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. சர்வதேச லிஸ்ட்ல இல்லையேன்னு சாதாரண மருந்து மாதிரி கார்கோல ஏத்தினா அது கிரிமினல் கேஸ். எந்த நாடும் ஒப்பந்தத்தவிட கடுமையா சட்டம் போட்டுக்கலாம், அதனால ரெண்டு பக்க நாட்டோட சட்டத்தையும் தனித்தனியா பாருங்க.

பேரு, அட்ரஸ் விஷயத்துல ஒரு எழுத்து மாறினாலும் கஸ்டம்ஸ்ல நிக்கும். பெர்மிட்ல ஒரு அட்ரஸ், ஏர்வே பில்ல (விமானச் சரக்கு ரசீது) ஏஜென்ட் அட்ரஸ்னு இருக்கக் கூடாது. போஸ்ட் பாக்ஸுக்கு அனுப்பவே கூடாதுன்னு 31வது பிரிவுலயே இருக்கு, பாண்டட் கோடவுனுக்குன்னா (கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டுல இருக்குற கிடங்கு) வாங்குற நாடு அத இறக்குமதி பெர்மிட்ல தெளிவா ஒத்துக்கிட்டிருக்கணும். வழியில சரக்க வேற நாட்டுக்குத் திருப்புறதும் நம்ம இஷ்டம் இல்ல, சரக்கு அப்போ கடந்து போற நாட்டு அரசு ஒத்துக்கணும், அங்கிருந்து போற புது ஏற்றுமதி மாதிரிதான் நடத்துவாங்க.

தவணை தவணையா அனுப்புறவங்க கவனிங்க, ஒரே இறக்குமதி பெர்மிட்ல பல தடவையா கொண்டுவர ஒப்பந்தத்துல இடம் இருக்கு, ஆனா அனுப்புற பக்கம் ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் தனி பெர்மிட் வேணும். தேதி முடிஞ்ச பெர்மிட்ட வச்சுக்கிட்டு ஏர்போர்ட்ல கெஞ்சி ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரக்கு போய்ச் சேந்தாச்சு, பணமும் வந்தாச்சு, ஃபைல மூடிடலாம்னு நினைக்காதீங்க. வாங்கின நாட்டு அதிகாரி, எவ்வளவு வந்து சேந்துச்சுன்னு எழுதி ஏற்றுமதி பெர்மிட்ட எண்டார்ஸ் பண்ணி திருப்பி அனுப்பணும், ஐடூஇஎஸ்ல இருக்குற நாடுன்னா ஆன்லைன்லயே முடிச்சுடலாம். அனுப்பினது 375 கிராம், சேந்தது 350ன்னா மீதி 25 எங்கன்னு அப்பதான் தெரியும், கள்ளச் சந்தைக்கு மருந்து கசியுதான்னு கண்டுபிடிக்க முக்கியமான வழி இது. சரக்கு இறங்கின வாரமே கஸ்டமருக்கு மெயில் போட்டு "உங்க அதிகாரிகிட்ட குடுத்தாச்சா, எண்டார்ஸ் ஆச்சா"னு கேட்டு, வந்த பதில அந்த பெர்மிட் நம்பரோட சேத்து வைங்க, அடுத்த ஷிப்மென்ட்டுக்கு அப்ளை பண்றப்போ முதல்ல எடுக்கப் போறது அந்த ஃபைலத்தான்.