பேர் அப், பேர் ஆஃப்: எதை எங்க போடணும்?

இந்த ரெண்டுக்கும் டிக்‌ஷனரில பாத்தா ஜோடி சேர்றதுன்னுதான் போட்டிருக்கும், ஆனா மாத்திப் போட்டா சில இடத்துல அர்த்தமே வேற மாதிரி போயிடும். (இது ஜோடிங்கிற அர்த்தத்துல வர்ற இங்கிலீஷ் பேர், "உன் பேர் என்ன"ல வர்றது இல்ல!)

முதல்ல பேர் அப். தனித்தனியா இருக்கிற ரெண்டு பேர் ஒரு வேலைக்காக ஒண்ணு சேர்றது. "லெட்ஸ் பேர் அப் ஃபார் திஸ் ப்ராஜெக்ட்"னா இந்த ப்ராஜெக்டுக்கு நாம ரெண்டு பேரும் சேந்துக்கலாம்னு அர்த்தம். யார்கூடன்னு சொல்லணும்னா வித் போடுங்க, "ஐ பேர்ட் அப் வித் ஹெர்", டு வேணாம். மூணு நாலு பேர்னா டீம் அப்.

அடுத்தது நாமளே மத்தவங்களை ஜோடி சேத்துவிடுறது, இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க. "த டீச்சர் பேர்ட் அப் த ஸ்டூடன்ட்ஸ்", "பேர்ட் த ஸ்டூடன்ட்ஸ் அப்" ரெண்டுமே ஓகே, ஆனா ஸ்டூடன்ட்ஸுக்கு பதிலா தெம் வந்துட்டா அது நடுவுலதான் உக்காரும், "பேர்ட் தெம் அப்"தான் சரி, "பேர்ட் அப் தெம்" தப்பு. பிக் இட் அப், டர்ன் இட் ஆஃப் எல்லாத்துக்கும் இதே கதைதான், அதனால ரூலா படிக்காம நாலு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க, நாக்கே பழகிடும்.

இப்ப பேர் ஆஃப். இதுக்கு முதல்ல ஒரு கூட்டம் வேணும், அதுலேர்ந்து ரெண்டு ரெண்டு பேரா பிரியறாங்க. "த கெஸ்ட்ஸ் பேர்ட் ஆஃப் ஃபார் த டான்ஸ்". இதுல லவ், கல்யாண வாசனையும் அடிக்கும்: "தே ஆர் ட்ரையிங் டு பேர் மீ ஆஃப் வித் தேர் சன்"னா, அவங்க பையனை என் தலையில கட்டப் பாக்குறாங்கன்னு அர்த்தம். அதனால கூட வேலை பாக்குறவங்களோட ஒரு வேலைக்கு சேந்தீங்கன்னா பேசாம அப் போட்டுடுங்க, வம்பே இல்ல.

எலக்ட்ரானுக்கும் பேர் அப் வரும்: அணுவுக்குள்ள எலக்ட்ரான் உக்கார்ற இடம்தான் ஆர்பிட்டல், ஒரே மாதிரி ஆர்பிட்டல்கள் சேந்த கூட்டம் சப்ஷெல். ஒரே சப்ஷெல்ல இருக்கிற ஆர்பிட்டல் ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு உக்காந்த பிறகுதான் எலக்ட்ரான்ஸ் பேர் அப் ஆகும். ப்ளூடூத்துக்கு மட்டும் அப், ஆஃப் ரெண்டுமே தேவையில்ல, "பேர் யுவர் ஃபோன் வித் த ஹெட்செட்" அவ்ளோதான்.