ஆட்டுக்கும் கோழிக்கும் குடற்புழு முட்டை எண்ணும் முறை

கண்ணை மூடிக்கொண்டு மந்தை முழுக்கக் குடற்புழு மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால், மருந்துக்குச் சாகாத புழுக்களே மிஞ்சிப் பெருகும். எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும் என்பதை முட்டை எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வதே நல்லது.

தேவையானவை: 100 மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப், மெக்மாஸ்டர் சிலைடு (கட்டக்கோடு போட்ட இரண்டு அறைகள் உள்ள, முட்டை எண்ணும் சிலைடு), 0.1 கிராம் வரை காட்டும் தராசு, டீ வடிகட்டி, சொட்டுக்குழாய், கையுறை.

1. உப்புக்கரைசல். ஒரு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பைக் கலக்குங்கள். ஆறியபின் அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் கிடக்க வேண்டும். கரைசல் நீர்த்திருந்தால் முட்டை மிதக்காது.

2. மாதிரி. ஆட்டின் ஆசனவாயிலிருந்தே புழுக்கையை எடுங்கள். கோழிக்கு, கொட்டகையில் பல இடங்களிலிருந்து புது எச்சம் எடுத்துக் கலக்கலாம். பையில் காற்றில்லாமல் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசர் கூடாது. வெயிலில் விட்டால் முட்டை பொரிந்துவிடும், எண்ண ஒன்றும் இருக்காது.

3. கலக்கி நிரப்புதல். 2 கிராம் புழுக்கையை 28 மில்லி கரைசலில் நன்றாக மசித்து வடிகட்டுங்கள். பலருக்குக் கணக்கு தப்புவது இங்கேதான். முட்டைகள் உடனே மேலேறத் தொடங்கும். மேலாக உறிஞ்சினால் எண்ணிக்கை கூடும், அடியில் உறிஞ்சினால் குறையும். ஆகவே ஒவ்வொரு அறைக்கும் உறிஞ்சுமுன் மறுபடி கலக்குங்கள். காற்றுக்குமிழி நுழைந்தால் கழுவிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள்.

4. எண்ணுதல். 5 நிமிடம் அசையாமல் வையுங்கள். முதலில் கட்டக்கோடுகள் தெளிவாகத் தெரியும்படி குவியுங்கள். முட்டைகள் அதே மட்டத்தில்தான் மிதக்கும். கெட்டியான கறுப்பு விளிம்புள்ள வட்டம் வெறும் குமிழி. மெல்லிய ஓடும் உள்ளே திராட்சைக் கொத்துபோல் செல்களும் உள்ள நீள்வட்டம் ஆட்டின் உருண்டைப்புழு முட்டை. அதைவிட மிகச் சிறியவை ரத்தக்கழிச்சல் கிருமியின் கூடுகள். அவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

இரண்டு அறைகளின் கூட்டுத்தொகையை 50-ஆல் பெருக்குங்கள். 7 + 5 = 12 என்றால், கிராமுக்கு 600 முட்டை.

எண்ணிக்கை குறைவு என்று முழுக்க நம்பிவிட வேண்டாம். ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய மூன்று வாரமாகும். அதற்கு முன்பே ஆட்டுக்குச் சோகை வந்துவிடும். கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்புக்கரைசலில் சரியாக மிதக்காது. அதற்குப் படியவைத்துப் பார்க்கும் சோதனைதான் சரி.

மருந்து கொடுத்து 14 நாள் கழித்து அதே ஆடுகளில் மறுபடி எண்ணுங்கள். ஒரு முட்டை தவறினாலே கணக்கில் 50 மாறும் என்பதால், குறைந்தது 10 ஆடுகளின் சராசரியைப் பாருங்கள். அது 95 சதவீதமாவது குறையவில்லை என்றால், எடைக்கேற்ற அளவு கொடுத்தோமா என்று முதலில் சரிபாருங்கள். அளவு சரியாக இருந்தால் அந்த மருந்து உங்கள் மந்தையில் வேலை செய்யவில்லை. வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.