(^_^) முதல் (இ﹏இ) வரை: எழுத்து முகங்களை வாசிக்கவும் செய்யவும் ஒரு தொடக்கப் பாடம்

அனிமே ரசிகர் குழுவிலோ ஆன்லைன் கேம் அரட்டையிலோ (´・ω・`) மாதிரி ஒன்றை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அது சோகமா, தூக்கமா, பூனையா என்று பிடிபடாமல் கடந்தும் போயிருப்பீர்கள். ஜப்பானில் இவற்றைக் கவோமோஜி என்பார்கள். கவோ முகம், மோஜி எழுத்து. நெட்டில் ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், வேண்டாத வேலை. எது கண், எது வாய், எது கை என்று பிரித்துப் பார்க்கப் பழகினால், இதுவரை பார்க்காத முகத்தையும் வாசித்துவிடலாம்.

படி 1: சாய்ந்த முகமா, நேர் முகமா?

முதலில் இரண்டு குடும்பங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். :-) படுத்துக்கிடக்கும் முகம். தலையை இடப்பக்கம் சாய்த்தால்தான் தெரியும். இது பிறந்தது அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1982 செப்டம்பர் 19 அன்று. அங்கே கணினி அறிவிப்புப் பலகையில் ஒரு வேடிக்கை விவாதம் ஓடிக்கொண்டிருந்தது: லிஃப்ட் அறுந்து விழுந்தால் உள்ளே எரிகிற மெழுகுவத்தி என்ன ஆகும், பாதரசத் துளி என்ன ஆகும் என்று. ஒருவர் விளையாட்டாக, 'சோதனையில் லிஃப்டுக்குள் பாதரசம் சிந்திவிட்டது, ஜாக்கிரதை' என்று போட்டுவிட்டார். சிலர் அதை நிஜ எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான், ஜோக்குக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன் ':-) போடுவோம், பக்கவாட்டில் படியுங்கள்' என்றார். கூடவே :-( என்பதையும் தந்தார். அவர் அதைச் சோகத்துக்காகத் தரவில்லை, 'இது ஜோக் இல்லை' என்று சொல்லத் தந்தார். சோகம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பதிவே பல வருடம் காணாமல் போய், 2002இல் பழைய பேக்கப் டேப்பிலிருந்து மீட்கப்பட்டது.

நேர் முகம் ஜப்பானின் வழி. அங்கே ஆஸ்கி நெட் என்ற கணினி வலையமைப்பில் 1986இல் யசுஷி வகபயாஷி (^_^) என்று போட்டார். தலையைத் திருப்பவே வேண்டாம். இரண்டு கண், நடுவில் வாய், சுற்றிலும் கன்னம். நாம் 'க்யூட்' என்று சொல்கிறவை பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

படி 2: வாயை விடுங்கள், கண்ணைப் பாருங்கள்

புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். :-) என்பதையும் :-( என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் ஒன்றுதான், வாய்தான் மாறுகிறது. இப்போது (^_^), (T_T) இரண்டையும் பாருங்கள். வாய் அதே கோடு. மாறியது கண். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மசாகி யுகியும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: உணர்ச்சியைக் கணிக்கும்போது ஜப்பானியர் கண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள், அமெரிக்கர் வாய்க்குக் கொடுத்தார்கள்.

அதனால் முதலில் கண்களைப் பழகுங்கள்:

^ ^ சிரிப்பில் சுருங்கிய கண்.
T T அல்லது ; ; கண்ணீர் வழிகிற கண்.
> < இறுக்கி மூடிய கண். வலி, வெட்கம், 'ஐயோ போச்சே' எல்லாவற்றுக்கும் ஆகும்.
¬ ¬ ஓரக்கண். 'நம்பச் சொல்றியா?' என்கிற பார்வை.
- - அலுப்பு, அல்லது தூக்கம்.
◕ ◕ மினுக்கும் பெரிய கண். கொஞ்சல் கேஸ்.

கொரியாக்காரர்கள் இன்னும் சிக்கனம். அவர்களுடைய உயிரெழுத்து ஒன்றை இரண்டு முறை தட்டி ㅠㅠ என்று விட்டுவிடுவார்கள். கண்ணீர் வழிகிற இரண்டு கண், வேறு ஒன்றுமில்லை. கே-பாப் ரசிகர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 3: புருவம், வாய், வியர்வை

தொடக்கத்தில் பார்த்த (´・ω・`) முகத்துக்கு இப்போது வருவோம். புள்ளிகள் இரண்டும் கண். ஓரங்களில் உள்ள சின்னக் கீற்றுகள் புருவம். வெளிப்பக்கம் சரிந்து கிடக்கின்றன. ஆக இது முகம் வாடிப்போனவர். ஜப்பானில் இதற்கு 'ஷோபோன்' என்று பெயரே உண்டு. அந்தக் கீற்றுகளை மட்டும் இடம் மாற்றுங்கள்: (｀・ω・´). புருவம் இப்போது மூக்கை நோக்கி இறங்குகிறது. அதே ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து 'நான் ரெடி' என்கிறார். கண்ணும் மாறவில்லை, வாயும் மாறவில்லை. இந்த இரண்டையும் ஒரு தடவை நீங்களே டைப் செய்து பாருங்கள், பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

நடுவில் பூனை வாய் மாதிரி இருக்கும் ω கிரேக்க எழுத்து. அதிர்ந்து வாய் பிளந்து நிற்கும் (゚Д゚) முகத்தின் வாய் ரஷ்ய எழுத்து. ஜப்பானியர்களுக்கு இவை எங்கிருந்து கிடைத்தன? 1978இல் வந்த அவர்களுடைய கணினி எழுத்துத் தரத்திலேயே கிரேக்கமும் ரஷ்ய எழுத்தும் கணிதக் குறிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. பாடப்புத்தகத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் என்று வைத்ததை 2சேனல் போன்ற ஜப்பானிய இணைய விவாதத் தளங்களில் கூடிய கூட்டம் வாயாகவும் மூக்காகவும் மாற்றிவிட்டது. ( ´∀｀) முகத்தில் சிரிக்கும் வாய்கூடக் கணிதக் குறிதான்.

(^_^;) முகத்தின் ஓரத்தில் நிற்கும் அரைப்புள்ளி வியர்வைத்துளி. மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: அசட்டுச் சிரிப்பு, சங்கடம், 'சமாளிப்போம்'. கன்னத்தில் * வந்தால் வெட்கச் சிவப்பு: (*^_^*).

படி 4: கைகால்

m(_ _)m என்பதில் இரண்டு ஓரத்திலும் இருப்பவை தரையில் ஊன்றிய கைகள், நடுவில் குனிந்த தலை. மன்னிப்புக்கும் போடலாம், பணிவான நன்றிக்கும் போடலாம். orz இதற்குத் தம்பி: முதல் எழுத்து தலை, இரண்டாவது ஊன்றிய கை, மூன்றாவது மடங்கிய கால். இது தோற்றுப்போய்த் தரையில் விழுந்தவர். தேர்வு முடிவு வந்த அன்று போடத் தகுந்தது.

(╯°□°)╯︵ ┻━┻ கோபத்தில் மேசையைக் கவிழ்ப்பவர். மேசை வந்தது, கணினியில் கட்டம் போடப் பயன்படும் கோட்டுக் குறிகளிலிருந்து. கோபம் தணிந்த பின் மேசையைத் திருப்பி வைக்கும் முகமும் இருக்கிறது: ┬─┬ ノ( º _ ºノ). எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

படி 5: நம்ம ஊர் எழுத்துகள்

யூனிகோடு வந்து உலகத்து எழுத்தெல்லாம் ஒரே கணினியில் கிடைக்க ஆரம்பித்ததும், முகம் செய்பவர்களுக்குக் கொண்டாட்டம். ಠ_ಠ என்று முறைக்கும் முகத்தின் கண் கன்னட எழுத்து. அழுகிற ಥ_ಥ முகத்தின் கண்ணும் கன்னடம்தான்.

தமிழும் உள்ளே போயிருக்கிறது. (இ﹏இ`。) என்ற முகத்தை எத்தனையோ பட்டியல்களில் பார்க்கலாம். நம் 'இ'யைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதன் சுழிப்பு நீர் முட்டி நிற்கும் கண்ணாகத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அதை முகமாகப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வாய் தன்னையறியாமல் 'இ இ' என்று படித்துவிடுகிறது.

படி 6: ஒன்றைச் செய்து பாருங்கள்

அடைப்புக்குறி இரண்டைப் போடுங்கள், கன்னம் ஆயிற்று. உள்ளே முதலில் கண்ணை வையுங்கள், பிறகு வாய். தமிழிலேயே முயன்றால் (உ_உ) தூங்கி வழியும், (•ஃ•) குட்டி விலங்கின் மூக்கு மாதிரி நிற்கும். பத்தைக் குறிக்கும் பழைய எண் ௰ கோணல் வாய்க்குத் தோதானது: (இ௰இ). ஒரு எச்சரிக்கை: கொம்பு, கால், விசிறி போன்ற துணைக்குறிகளைத் தனியாகப் போடாதீர்கள். எழுத்தோடு சேராத குறியின் பக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்று வந்து முகத்தைக் கெடுத்துவிடும்.

படி 7: டைப் செய்வது எப்படி?

விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ் பொத்தானோடு முற்றுப்புள்ளியை அழுத்துங்கள். இமோஜிப் பெட்டி திறக்கும், அதற்குள் கவோமோஜிக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆண்ட்ராய்டில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டின் இமோஜிப் பக்கத்தில் :-) என்று போட்ட பொத்தான் இருக்கும். ஐபோனில் அமைப்புகளுக்குப் போய் ஜப்பானிய கானா கீபோர்டைச் சேர்த்தால் ^_^ என்று ஒரு விசையே கிடைக்கும். அடிக்கடி போடுகிறவற்றைக் கீபோர்டு அமைப்பில் சுருக்கச் சொல்லாகச் சேமித்துவிடுங்கள்.

முகத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பார்ப்பவரின் கருவியில் அந்த எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பழைய போன் வைத்திருப்பவருக்கு (^_^) அனுப்புவதே நல்லது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இந்த முகங்களைக் குறி குறியாக உச்சரிக்கக்கூடும். அவர்கள் இருக்கும் குழுவில் நீளமான முகங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் ஒரு சந்தேகம். தோளைக் குலுக்கி 'எனக்கென்ன தெரியும்' என்று நிற்கும் ¯\_(ツ)_/¯ முகத்தை ரெடிட்டில் ஒட்டினால் இடது கை மட்டும் காணாமல் போவதுண்டு. நடுவில் உள்ள முகம் 'ட்சு' என்ற ஜப்பானிய எழுத்து, அதில் வம்பில்லை. கையாக இருக்கும் \ கோடுதான் வம்பு. சாதாரணக் குறிகளைத் தட்டியே எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையில் எழுதும் தளங்களில் அந்தக் கோட்டுக்கு 'அடுத்து வரும் குறியை அப்படியே காட்டு' என்று பொருள். அது அடுத்த _ குறியைக் காட்டிவிட்டுத் தான் மறைந்துவிடுகிறது. ஒன்றுக்கு மூன்றாகப் போடுங்கள்: ¯\\\_(ツ)_/¯. முதல் கோடு இரண்டாவதைக் காப்பாற்றும், மூன்றாவது அடிக்கோட்டைக் காப்பாற்றும், பதிவிட்டதும் இரண்டு கையும் இருக்கும்.