பினாங்குப் பாலத்தைக் காட்ட வேண்டுமா? முதலில் ஃபெரி ஏறுங்கள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் மலேசியாவில் நம் பினாங்குக்கு வந்தால் நேராகக் காரில் ஏற்றிப் பாலத்தில் கொண்டுபோகாதீர்கள். போனைப் பார்த்து நிமிர்வதற்குள் தீவு வந்துவிடும். கடலை ஒரு தடவை மெதுவாகக் கடக்க வைத்தால்தான் இந்தப் பாலம் எதற்கு வந்தது என்பது புரியும்.

பெருநிலப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த்தில் தொடங்குங்கள். 2023-இல் வந்த புது ஃபெரியில் கார் ஏற்ற மாட்டார்கள். ஆட்களும் இருசக்கர வண்டிகளும்தான். அதனால் ஒருவர் காரைப் பாலம் வழியாக ஓட்டி வரட்டும். எங்கள் வீட்டில் அது தங்கை மாப்பிள்ளை, முணுமுணுத்துக்கொண்டேதான் போவார். டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் பணம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல்.

ஃபெரியில் இடப்பக்கம் இடம் பிடியுங்கள். தெற்கே தூரத்தில் பாலம் தெரியும். கதையை அங்கேயே ஆரம்பியுங்கள். 1985 வரை காரும் லாரியும் ஃபெரிக்குத்தான் காத்துக் கிடக்க வேண்டும். 1972-இல் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தபின், பட்டர்வொர்த்தை அடுத்த பிறை ஊர்ப் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். என் அம்மாவும் ஒருத்தி. காலை ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்புவார். ஃபெரி தாமதமானால் சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்குவார். பாலம் திறந்ததும் ஃபெரி காலியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1988 ஜூலை 31-இல் பட்டர்வொர்த் துறைமேடை கூட்டம் தாங்காமல் இடிந்து 32 பேர் இறந்தார்கள். அதைப் பிள்ளைகள் முன்னால் சொல்வதா என்பது உங்கள் விருப்பம்.

இறங்கியதும் காரில் கர்பால் சிங் டிரைவ் கடற்கரைக்குப் போங்கள். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக்கூடாது; ஆற அமரப் பார்க்க இதுதான் இடம். நடுவில் நிற்கும் கோபுரங்களைக் காட்டுங்கள். அவற்றுக்கிடையே 225 மீட்டர், கப்பல் போகும் வழி. கட்டியது கொரியாவின் ஹூண்டாய். அப்போது பினாங்கு முதலமைச்சர் லிம் சோங் இயூ, மலேசியப் பொதுப்பணி அமைச்சர் நம் சாமிவேலு. 1985 திறப்பு விழாவில் பிரதமர் மகாதீர் புத்தம் புது மலேசியக் கார் புரோட்டோன் சாகாவை ஓட்டிப் போனார். எந்தக் கூட்டத்திலும் எடுபடுவது இந்தக் கதைதான்.

இராமநாதபுரத்துக்காரர்கள் என்றால் உடனே பாம்பனை இழுப்பார்கள். ரயில் பாலத்தில் அவர்களை மிஞ்ச முடியாது, அது 1914. ஆனால் பாம்பன் சாலைப் பாலம் வந்தது 1988-இல்தான் என்று மெல்ல எடுத்துவிடுங்கள். நம் பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேல் 8.4 மட்டும். நம் ஆட்கள் முழுவதையும் கடல் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள்.

திரும்புவது இதே பாலத்தில், பேக்டரி விடும் நேரத்துக்கு முன்பே. பிந்திவிட்டால் தீவின் தெற்குப் பக்கம் பத்து மாவுங் என்ற ஊருக்குப் போய், 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தைப் பிடியுங்கள். அது 24 கிலோமீட்டர், பெருநிலத்தில் பத்து காவான் என்ற ஊரில் கொண்டுபோய் விடும். சுற்றுதான், ஆனால் நெரிசல் குறைவு.