சாரலில் நின்ற யெஸ்டியை உதைப்பதற்கு முன்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் பழைய வீட்டுச் சாய்ப்புகளில் இன்னும் யெஸ்டி பைக் நிற்கிறது. அதைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-ல் மூடிவிட்டது. இப்போது பேரன்மார்களுக்கு ஓட்ட ஆசை. என்னிடம் வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, கார்புரேட்டரைக் கழுவிட்டேன், அப்பவும் எடுக்கல." பாவம், எல்லாப் பழியும் கார்புரேட்டர் மேல்தான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாரல் அடிக்கிற ஊரில் ஈரம் முதலில் பிடிப்பது பாயிண்டை, அதாவது பிளக்கில் பொறி வர கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற சின்னத் தொடுப்பை. சும்மா நின்றே கெடுவது ஆயில் சீல், கிராங்க் அச்சின் இரண்டு பக்கமும் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம்.

எடுத்தவுடன் உதைக்காதீர்கள். யெஸ்டியில் கியர் லீவரே கிக்கர். இறுகிய பிஸ்டனோடு மல்லுக்கட்டினால் உள்ளே பல் போகும். பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து அந்த ஓட்டை வழியே 50 மில்லி ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கடைசி கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். அசையவே இல்லையென்றால் சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும். சுத்தியலைத் தொடாதீர்கள்.

சுற்றுகிறதா? சரி, கரண்டு பாருங்கள். 6 வோல்ட் பேட்டரி செத்திருந்தால் மற்றதெல்லாம் வீண்வேலை. ஊற்றிய எண்ணெயை வெளியேற்றி, பிளக்கை மாட்டிய கேப்போடு ஹெட்டில் படும்படி, ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடித்து உதையுங்கள். நீலமாகச் சடசடத்தால் நல்லது. மஞ்சளாக முனகினால் வலது பக்க மூடியைத் திறங்கள். பாயிண்ட் முகம் சாம்பல் பூத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த கல்யாணப் பத்திரிகைத் துண்டால் ஒரு துடைப்பு. இடைவெளி 0.4 மில்லிமீட்டர். அதன் பிறகும் பிளக்கில் மஞ்சள்தான், ஆனால் பாயிண்டில் பெரிய பொறி பறக்கிறது என்றால், பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்குகிற கன்டென்சரை மாற்றுங்கள். சாவியைப் போட்டபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், காயில் சுட்டுப்போகும்.

பெட்ரோல் கதை சுருக்கம்தான். பழையதைக் கொட்டுங்கள். இப்போது வருவதில் எத்தனால் இருப்பதால் ஈரத்தை இழுத்து டேங்க் அடியில் துருப் பிடிக்க வைக்கும். புதிதாக ஊற்றும்போது லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன். கார்புரேட்டரில் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்னத் துளை ஸ்லோ ஜெட். அதை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மெல்லிய செம்புக் கம்பி ஒரு இழை போதும். உதைத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் கூடிவிட்டது, அல்லது கரண்டு போதவில்லை. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதையும் பாருங்கள்.

வண்டி எடுத்த பிறகுதான் சீலின் குணம் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்குள் காற்று கள்ளத்தனமாக நுழையக் கூடாது. டைனமோ பக்கச் சீல் காய்ந்து வெடித்திருந்தால் ஆக்சிலேட்டரை விட்டும் இன்ஜின் தானாகக் கூவும், இறங்காது. உடனே நிறுத்துங்கள், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். செயின் கேஸ் பக்கச் சீல் போயிருந்தால் புகை நிற்காமல் வெள்ளையாகக் கொட்டும், கேஸில் ஆயிலும் குறையும். ஊற்றி வைத்த டீசல் எரிகிற புகை சிறிது நேரத்தில் அடங்கிவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீல் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

முதல் ஓட்டம் தென்காசி வரை போதும். ஆரியங்காவு ஏற்றமெல்லாம் அப்புறம். திரும்பி வந்து இன்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.